உணவுத் தட்டுப்பாட்டை ஆராய இருப்பிடத் தகவலுள்ள சமூக ஊடகப் பதிவுகள்: முழுமையான வழிகாட்டி

ஒரு பொருள் கடைகளில் கிடைக்காமல் போனால், வெறுங்கையோடு திரும்பியவர்களில் சிலர் அன்று மாலைக்குள் அதைப் பற்றி எங்காவது எழுதிவிடுகிறார்கள். வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கெடுப்பு அதே செய்தியைக் கொண்டுவர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் சமூக ஊடகத் தரவுக்கு வேலை இருக்கிறது. எந்த ஊரில், எந்த வாரத்தில், எந்தப் பொருளைப் பற்றிப் புலம்பல் கூடுகிறது என்று முன்கூட்டித் தெரிந்தால், கணக்கெடுப்புக் குழுவை அங்கே திருப்பிவிடலாம்.

இதில் இறங்குகிற பலர் முதல் வாரத்திலேயே ஒரு வரைபடத்தைப் போட்டு, சிவப்பாகத் தெரிகிற இடமெல்லாம் பசி என்று எழுதிவிடுகிறார்கள். கைப்பேசியும் டேட்டாவும் பேச நேரமும் உள்ளவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைத்தான் அந்த வரைபடம் பெரும்பாலும் காட்டும். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதி அதில் வெள்ளையாகவே இருக்கக்கூடும். அங்கே மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை, எழுத ஆளும் இல்லை. பட்டினியை அளக்க இந்தத் தரவு உதவாது. எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று கைகாட்ட உதவும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதை மனதில் வைத்து எழுதியது.

கொஞ்சம் பைத்தான் தெரிந்த மாணவர்கள், தொண்டு நிறுவனங்களில் தரவு வேலை பார்ப்பவர்கள், தரவு இதழாளர்கள் இவர்களை நினைத்து எழுதுகிறேன்.

படி 1: எதைத் தேடுகிறீர்கள் என்று முதலில் எழுதி வையுங்கள்

"உணவுத் தட்டுப்பாடு" என்று ஆய்வுத் தலைப்பு வைத்தால் போதாது. 1996-ல் ரோமில் நடந்த உலக உணவு மாநாட்டின் வரையறையிலிருந்து இன்று எல்லோரும் நான்கு பக்கங்களைப் பிரித்துப் பேசுகிறார்கள்: பொருள் இருக்கிறதா, மக்கள் கைக்கு எட்டுகிறதா, உடலுக்குப் பயன்படும் வகையில் உண்ணப்படுகிறதா, இந்த நிலைமை நிலைத்து நிற்கிறதா. சமூக ஊடகத்தில் முதல் இரண்டுதான் ஓரளவு தெரியும். ஊட்டச்சத்துக் குறைபாடு பதிவுகளில் வராது.

முதல் இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென் காட்டியது இதைத்தான்: உணவு இருந்தும் அதை வாங்கும் சக்தி மக்களிடம் இல்லாமல் போனால் பஞ்சம் வரும். "ஸ்டாக் இல்ல" என்ற பதிவும் "இந்த விலைக்கு எப்படி வாங்குறது" என்ற பதிவும் இரண்டு வேறு நோய்களின் அறிகுறி. முதலாவதற்குச் சரக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவதற்குப் பணமோ மானியமோ வேண்டும். ஒரே எண்ணுக்குள் இரண்டையும் போட்டுவிட்டால் உங்கள் முடிவை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது.

எனவே கேள்வியை இப்படிக் கூர்மையாக்குங்கள்: எந்தப் பொருள் அல்லது பொருள்கள், எந்த நிர்வாக எல்லை அளவில், எந்தக் காலத்தில், வாரவாரமா மாதாமாதமா, முடிவைப் பார்த்து யார் என்ன செய்வார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் ஆய்வைத் தள்ளிவைப்பதே நல்லது.

இந்த முறைக்கு ஏற்ற கேள்வி எப்படி இருக்கும்? 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பெரிய ஆலை உற்பத்தியை நிறுத்தியதும் நாடு முழுக்கக் குழந்தைகளுக்கான பால்மாவு தட்டுப்பாடு கடுமையானது. பொருள் ஒன்று, தேடுபவர்கள் இளம் பெற்றோர், பெரும்பாலோர் கையில் ஸ்மார்ட்ஃபோன். பதிவுகள் நன்றாகப் பேசும் சூழல் இது. ஒதுக்குப்புறக் கிராமங்களில் மெதுவாகப் பரவும் பசி இதற்கு நேரெதிர்.

படி 2: தரவு எங்கிருந்து வரும்?

பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு அதே வழியில் போகலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பத்தாண்டுகளாக இந்தத் துறை ட்விட்டரை (இன்றைய எக்ஸ்) நம்பி வளர்ந்தது. 2019 ஜூனில் ட்வீட்டோடு துல்லியமான இருப்பிடம் சேர்க்கும் வசதியை அந்த நிறுவனம் எடுத்துவிட்டது. 2023-ல் இலவச ஏபிஐ (நிரல் எழுதித் தரவை எடுக்கும் வழி), ஆய்வாளர்களுக்கான தனி வழி இரண்டையும் மூடியது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளைத் தேட உதவிய க்ரவுட்டேங்கிள் 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த மெட்டா கன்டென்ட் லைப்ரரிக்கு விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். தரவை வெளியே எடுத்துச் செல்லவும் கட்டுப்பாடு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், 40-வது பிரிவு, பெரிய தளங்கள் ஆய்வாளர்களுக்குத் தரவு தர வேண்டும் என்கிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வேலை செய்பவர்கள் இந்தக் கதவைத் தட்டிப் பார்க்கலாம்.

மிச்சம் என்ன இருக்கிறது? யூடியூபின் ஏபிஐயில் ஒரு புள்ளியும் ஆரமும் கொடுத்து அந்த வட்டத்துக்குள் குறிக்கப்பட்ட வீடியோக்களைத் தேடலாம். டெலிகிராமில் ஊர் பெயரிலேயே நடக்கும் பொதுக் குழுக்கள் உண்டு. ஜியோடேக் (பதிவோடு ஒட்டிவரும் இருப்பிடக் குறி) கிடையாது, ஆனால் குழுவின் பெயரே இருப்பிடம். ப்ளூஸ்கை, மாஸ்டடான் தரவு திறந்தே கிடக்கிறது, ஆனால் இருப்பிடக் குறி இல்லை. வாட்ஸாப்பில்தான் உண்மையான பேச்சு நடக்கிறது. ஆய்வுக்கு அது மூடிய கதவு. குழு உறுப்பினர்களுக்குத் தெரியாமல் உள்ளே புகுந்து எடுக்காதீர்கள்.

என் கருத்தில், ஒரே தளத்தை மட்டும் நம்பி ஆரம்பிக்கும் ஆய்வு இன்று தாங்காது. நடுவில் விதி மாறினால் முழு வேலையும் நின்றுவிடும். இரண்டு மூலங்களாவது வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே திசையில் நகர்ந்தால் முடிவின் மேல் நம்பிக்கையும் கூடும்.

தரவு எடுக்கத் தொடங்கும் முன்பே உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். பொதுவெளியில் கிடக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. கடையில் பொருள் இல்லை என்று புகார் சொன்னதற்கே ஆட்களைப் பிடிக்கும் அரசுகள் உண்டு.

படி 3: தேடுசொற்கள்

அகராதியைத் திறந்து சொற்களை அடுக்காதீர்கள். கணக்கெடுப்பாளர்கள் ஏற்கெனவே கேட்கும் கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். உணவு நெருக்கடியில் குடும்பங்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்பதை அளக்கும் ஒரு சுருக்கக் குறியீடு ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்தில் வழக்கத்தில் இருக்கிறது. கடந்த 7 நாட்களைப் பற்றி 5 விஷயங்கள் கேட்பார்கள்: மலிவான, பிடிக்காத உணவுக்கு மாறினீர்களா, உணவைக் கடன் வாங்கினீர்களா அல்லது பிறர் உதவியை நாடினீர்களா, ஒரு வேளைச் சாப்பாட்டின் அளவைக் குறைத்தீர்களா, குழந்தைகளுக்காகப் பெரியவர்கள் சாப்பாட்டைக் குறைத்தீர்களா, வேளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தீர்களா. ஒவ்வொன்றுக்கும் மக்கள் பேச்சில் எப்படிச் சொல்வார்கள் என்று பட்டியல் போட்டால், "பஞ்சம்", "பட்டினி" என்று தேடுவதைவிடப் பல மடங்கு நல்ல பதிவுகள் சிக்கும். உண்மையில் கஷ்டப்படுகிறவர் "நான் பட்டினி" என்று எழுதுவது அபூர்வம். "ரெண்டு வேளைதான் ஓடுது" என்றுதான் எழுதுவார். பட்டினி என்று எழுதுபவர் மீட்டிங் முடியாததால் மதியச் சாப்பாட்டைத் தவறவிட்ட அலுவலகக்காரராக இருக்கும்.

எழுத்துமுறைகளையும் மறக்க வேண்டாம். பேச்சுவழக்கு, எழுத்துப் பிழைகள், ஆங்கில எழுத்தில் தட்டப்படும் தமிழ் எல்லாம் பட்டியலில் வேண்டும். "எண்ணெய்" போன்ற சொல் பெட்ரோலியச் செய்திகளையும் இழுத்து வரும்; அதற்கு விலக்குச் சொற்கள் வையுங்கள். முதலில் ஒரு சிறிய மாதிரியை எடுத்து, கண்ணால் படித்து, புதிய சொற்களைச் சேர்த்து, மறுபடி எடுங்கள். மூன்றாவது சுற்றில் புதிதாக எதுவும் வராவிட்டால் போதும்.

இங்கேயே இன்னொரு வேலையும் செய்தாக வேண்டும். பின்னால் செய்யவே முடியாது. தேடுசொல் இல்லாத, எல்லாத் தலைப்பிலுமான பதிவுகளின் எண்ணிக்கையையும் அதே பகுதிக்கு, அதே நாட்களுக்குச் சேகரியுங்கள். முழுப் பதிவு தேவையில்லை, எண்ணிக்கை போதும். படி 6-ல் வகுக்க இதுதான் கீழ் எண்.

படி 4: இருப்பிடம்

வேலையின் பாதிக் கஷ்டம் இங்கேதான். "இருப்பிடம்" என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு வேறு தகவல்கள் வருகின்றன.

முதலாவது ஜிபிஎஸ் ஆயத்தொலை. மிகத் துல்லியம், மிக அரிது. ட்விட்டரின் நல்ல காலத்திலேயே மொத்தப் பதிவுகளில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் இப்படி வந்தன. அப்படிப் போடுகிறவர்கள் மற்றவர்களைப் போன்றவர்களும் இல்லை.

இரண்டாவது, பயனர் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்த இடம். இது ஒரு கடையாகவும் இருக்கலாம், ஒரு நாடாகவும் இருக்கலாம். நாடு அல்லது மாநிலம் என்று மட்டும் குறித்த பதிவை மென்பொருள் அந்தப் பரப்பின் நட்டநடுப் புள்ளியில் கொண்டுபோய் வைத்துவிடும். இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நிஜக் கதை உண்டு. அமெரிக்காவில் எங்கே என்று தெரியாத ஐபி முகவரிகளையெல்லாம் ஒரு நிறுவனம் நாட்டின் நடுவே ஒரு புள்ளியில் குறித்து வைத்தது. அந்தப் புள்ளி கான்சாஸில் ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. சுமார் 60 கோடி முகவரிகள் அந்த வீட்டோடு ஒட்டிக்கொண்டதால், காணாமல் போனவர்களையும் மோசடிக்காரர்களையும் தேடி ஆண்டுக்கணக்கில் ஆட்கள் அந்த வீட்டு வாசலுக்கு வந்தார்கள். 2016-ல்தான் காரணம் வெளியே வந்தது. உங்கள் வரைபடத்தில் ஆளில்லாத இடத்தில் ஒரு பெரிய தட்டுப்பாட்டு மையம் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அட்சரேகை 0, தீர்க்கரேகை 0 என்று வரும் பதிவுகளும் இதே ரகம். கடலுக்குள் யாரும் கடை வைத்திருக்கவில்லை.

மூன்றாவது, சுயவிவரத்தில் எழுதியிருக்கும் ஊர். 2011-ல் ட்விட்டர் சுயவிவரங்களை ஆராய்ந்த ஒரு குழு, 34 சதவீதம் பேர் அந்தக் கட்டத்தில் உண்மையான இடம் எதையும் எழுதவில்லை என்று கண்டது. காலியாக விட்டார்கள், இல்லையென்றால் கிண்டலாக எதையாவது எழுதினார்கள். எழுதியவர்களும் ஊர் மாறிய பிறகு திருத்துவதில்லை.

நான்காவது, பதிவுக்குள்ளேயே வரும் இடப்பெயர். இன்றைய நிலையில் அதிகம் கைகொடுப்பது இதுதான். ஜியோநேம்ஸ், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இரண்டு திறந்த இடத் தரவுத்தளங்களிலிருந்தும் உங்கள் பகுதியின் ஊர்ப்பெயர்களை இறக்கி, மக்கள் சொல்லும் குறுக்கப் பெயர்களை நீங்களே சேர்த்து ஒரு இடப்பெயர்ப் பட்டியல் செய்யுங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்தால் பதிவில் வரும் மற்ற இடங்களை வைத்துத் தீர்மானியுங்கள். தீர்மானிக்க முடியாதவற்றைப் பெரிய ஊர்தான் என்று ஊகித்து அங்கே தள்ளிவிடாதீர்கள்; தெளிவில்லை என்று குறித்துத் தனியே வையுங்கள்.

ஒரு பதிவைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். விளக்கத்துக்காக நானே எழுதியது:

"ரெண்டு மணி நேரம் வரிசைல நின்னேன், என் முறை வந்தப்போ மாவு முடிஞ்சிருச்சு. நேத்து பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையிலயும் இதே கதை. இப்பதான் வீட்டுக்கு வந்தேன்."

ஜியோடேக் சொல்வது வீட்டை. தட்டுப்பாடு இருப்பது கடையில், அதுவும் இரண்டு கடைகளில். ஒன்று இன்று, மற்றொன்று நேற்று. வீடும் கடையும் ஒரே வார்டில் இருந்தால் பிரச்சினை இல்லை. நீங்கள் வார்டு அளவில் கணக்கிட்டு, இவர் மூன்று வார்டு தள்ளிப் போய் வாங்குபவராக இருந்தால் தவறான கட்டத்தில் எண்ணிக்கை ஏறும். அதனால் தரவு அட்டவணையில் இரண்டு தனி நிரல்கள் வையுங்கள்: பேசுபவர் இருக்கும் இடம், பேசப்படும் இடம். நெருக்கடி முற்றும்போது இந்தப் பிரிப்பு இல்லாமல் தப்பவே முடியாது. அப்போது ஊரைப் பற்றி அதிகம் எழுதுகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள். அவர்கள் பேச்சு பொய்யில்லை, ஆனால் இரண்டாம் கைச் செய்தி. தனியாக எண்ண வேண்டும்.

நான்கு வகைக்கும் ஒரு நம்பக நிலை கொடுத்து, அதையும் ஒரு நிரலாகச் சேருங்கள். கடைசியில் உறுதியானவற்றை மட்டும் வைத்து ஒருமுறையும் எல்லாவற்றையும் வைத்து ஒருமுறையும் கணக்குப் போட்டுப் பார்த்தால், முடிவு எதன் மேல் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

ஏபிஐகள் நேரத்தைப் பெரும்பாலும் யூடிசியில்தான் (உலகப் பொது நேரம்) தருகின்றன. உள்ளூர் நேரத்துக்கு மாற்றாவிட்டால் இரவுப் பதிவுகளில் ஒரு பகுதி வேறு நாளில் விழும். சின்ன வேலைதான், முதலிலேயே செய்துவிடுங்கள்.

படி 5: களையெடுப்பும் குறியிடலும்

பகிர்வுகள், வெட்டி ஒட்டிய பதிவுகள், செய்தி நிறுவனக் கணக்குகள், போட்கள் (தானியங்கிக் கணக்குகள்), கடை விளம்பரங்கள் இவற்றை நீக்குங்கள். அதன் பின் பதிவுகளை எண்ணாமல் ஆட்களை எண்ணுங்கள். ஒரே ஆள் ஒரே வாரத்தில் ஐம்பது முறை புலம்பினாலும் அந்த வாரத்துக்கு அந்த ஊரில் ஒன்றுதான்.

நீக்கிய பகிர்வுகளைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு காலி அலமாரிப் படம் பல்லாயிரம் முறை பகிரப்படுவது தட்டுப்பாட்டின் அடையாளமாக இருக்காது. பீதியின் அடையாளமாக இருக்கும். பீதி அடுத்த வாரம் நிஜத் தட்டுப்பாட்டை உண்டாக்கும். 2020 மார்ச்சில் பல நாடுகளில் இது நடந்ததைப் பார்த்தோம். பீதியைத் தனி வரிசையாக வரைந்து வையுங்கள்.

மிச்சமுள்ள பதிவுகளில் ஆயிரம், இரண்டாயிரம் எடுத்து மனிதர்களே குறியிட வேண்டும். என் பரிந்துரை இந்தக் குறிகள்: பொருள் கிடைக்கவில்லை, விலை எட்டவில்லை, சாப்பாட்டைக் குறைக்கிறோம், உதவி கேட்கிறார் அல்லது தருகிறார், பொதுவான அரசியல் பேச்சு, தொடர்பில்லாதது. கூடவே, சொந்த அனுபவமா, பார்த்ததா, கேள்விப்பட்டதா என்று இன்னொரு குறி. இருவர் தனித்தனியே குறியிட்டு, அவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அளக்கும் கோஹனின் கப்பா கணக்கிடுங்கள். 0.6-க்குக் கீழே வந்தால் குறியிடுபவர்களைத் திட்டாதீர்கள், விதிகளைத் திருத்துங்கள். நையாண்டிப் பதிவுகளில்தான் பெரும்பாலும் இழுபறி வரும். அந்த வட்டாரத்து ஆள் ஒருவர் குழுவில் இல்லாமல் அதைத் தீர்க்க முடியாது.

அதன் பிறகு பதிவுகளைத் தானாகப் பிரிக்கும் ஒரு வகைப்படுத்தியைப் பயிற்றுவிக்கலாம், பெரிய மொழி மாதிரியிடமும் கொடுக்கலாம். எதைக் கொடுத்தாலும் மொத்தத் துல்லியத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். பகுதிவாரியாகப் பாருங்கள். தலைநகரப் பேச்சில் 90 சதவீதம் சரியாகவும், எல்லைப்புற வட்டார வழக்கில் 60 சதவீதம் சரியாகவும் இருந்தால், உங்கள் வரைபடம் வட்டார வழக்கைத்தான் வரைகிறது.

படி 6: வகுத்தல்

கற்பனையாக இரண்டு பகுதிகள். அ பகுதியில் ஒரு வாரத்தில் 20,000 பேர் ஏதோ ஒன்றைப் பதிவிட்டார்கள். 40 பேர் தட்டுப்பாட்டைச் சொன்னார்கள். ஆ பகுதியில் 600 பேர் பதிவிட்டார்கள். 9 பேர் சொன்னார்கள். வெறும் எண்ணிக்கையை வரைந்தால் அ பகுதி சிவப்பு. ஆயிரத்துக்கு எத்தனை என்று வகுத்தால் அ 2, ஆ 15. கதை தலைகீழாகிவிட்டது. படி 3-ல் மொத்த எண்ணிக்கையைச் சேகரிக்கச் சொன்னது இதற்குத்தான்.

ஆனால் 15 என்பதையும் அப்படியே நம்ப முடியாது. கீழ் எண் 600-தான். இரண்டு மூன்று பேர் கூடினாலோ குறைந்தாலோ ஆடிவிடும். இதற்கு விகிதத்தை மொத்தச் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுப்பது வழக்கம். இரண்டு பகுதிகளும் சேர்ந்து 20,600-க்கு 49, அதாவது ஆயிரத்துக்குச் சுமார் 2.4. ஒவ்வொரு பகுதியோடும் இதே விகிதமுள்ள 1,000 பேரைக் கற்பனையாகச் சேர்த்துக் கணக்கிட்டால், ஆ பகுதி 1,600-க்கு 11.4, அதாவது ஆயிரத்துக்கு 7.1. அ பகுதி 2-லேயே நிற்கும். ஆ இன்னும் மேலேதான், ஆனால் முன்பிருந்த ஆரவாரம் இல்லை. எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதைத் தரவிலிருந்தே கண்டுபிடிக்கும் பேய்ஸ் முறைகள் உண்டு; ஜியோடா மென்பொருளில் அது தயாராகவே இருக்கிறது.

அடுத்து, அந்தப் பகுதியின் இந்த வார விகிதத்தை அதே பகுதியின் பழைய வாரங்களோடு ஒப்பிடுங்கள். சில ஊர்களில் எப்போதுமே புலம்பல் அதிகம், சில ஊர்களில் குறைவு. ஊரோடு ஊரை ஒப்பிடுவதைவிட, ஊரை அதன் வழக்கத்தோடு ஒப்பிடுவது நம்பகமானது. பண்டிகை, தேர்தல், பள்ளி விடுமுறை நாட்களில் கீழ் எண்ணும் தாறுமாறாக ஆடும் என்பதால், போன ஆண்டின் அதே வாரங்களும் கையில் இருந்தால் நல்லது.

வரைபடக் கட்டத்தின் அளவும் முடிவை மாற்றும். எல்லைகளை வேறு மாதிரி வெட்டினால் வேறு படம் வரும் என்பது புவியியலாளர்களுக்குப் பழைய தலைவலி. நிர்வாக எல்லையில் ஒருமுறை, எச்3 (உலகப் பரப்பை அறுகோணங்களாகப் பிரிக்கும் முறை) அறுகோணங்களில் ஒருமுறை செய்து பாருங்கள். எச்3-யின் 7-ம் நிலைக் கட்டம் ஒன்று சராசரியாகச் சுமார் 5 சதுர கிலோமீட்டர், 6-ம் நிலை சுமார் 36. இரண்டிலும் தெரியும் திரள்களை மட்டும் பேசுங்கள். அக்கம்பக்கக் கட்டங்கள் சேர்ந்தே உயர்கின்றனவா என்று பார்க்க மோரன் குறியீடு போதும். வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ், பைத்தான் நூலகமான ஜியோபாண்டாஸ் இரண்டில் எது கைக்குப் பழக்கமோ அதில் செய்யுங்கள்.

படி 7: வெள்ளைக் கட்டங்கள்

பதிவே வராத கட்டத்தை பூஜ்யம் என்று நிரப்புவதுதான் இந்த வேலையிலேயே மோசமான தவறு. அந்தக் கட்டத்துக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: ஆளே இல்லை, ஆள் இருந்தும் இணையம் இல்லை, இணையம் இருந்தும் யாரும் தட்டுப்பாட்டைச் சொல்லவில்லை. மூன்றாவதுதான் பூஜ்யம். முதலாவதைப் பிரிக்க வேர்ல்ட்பாப் தரும் மக்கள்தொகைக் கட்டங்கள் இருக்கின்றன. 100 மீட்டர் அளவு வரை இலவசமாக இறக்கலாம். இரண்டாவதைப் பிரிக்க செல்பேசிக் கோபுரங்களின் பரவலையும், படி 3-ல் சேர்த்த மொத்தப் பதிவு எண்ணிக்கையையும் பாருங்கள். ஆயிரக்கணக்கில் ஆள் இருந்தும் எந்தத் தலைப்பிலும் பதிவில்லாத கட்டங்களைச் சாம்பல் நிறத்தில் போட்டு, "தெரியவில்லை" என்று எழுதுங்கள்.

இதைவிட முக்கியமானது, நேற்று வரை பேசிக்கொண்டிருந்த கட்டம் திடீரென அடங்குவது. மேல் எண்ணும் கீழ் எண்ணும் சேர்ந்து விழுந்தால் விகிதம் அமைதியாகவே இருக்கும், கணினி ஒரு எச்சரிக்கையும் தராது. மின்வெட்டு, இணைய முடக்கம், இடப்பெயர்வு, ரீசார்ஜ் செய்யக்கூடப் பணமில்லாமை எதுவாகவும் இருக்கலாம். மொத்தப் பதிவு எண்ணிக்கை வழக்கத்தில் பாதிக்குக் கீழ் விழுந்தால் தனி எச்சரிக்கை வரும்படி வையுங்கள். கள ஆய்வுக் குழுவை முதலில் அனுப்ப வேண்டிய இடங்களின் பட்டியலில் சிவப்புக் கட்டங்களுக்கு நிகராக இவையும் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் அடங்கிப்போன கட்டத்துக்கு அனுப்பச் சொல்வேன். சிவப்புக் கட்டத்தில் இன்னும் குரல் கொடுக்க ஆளிருக்கிறது.

படி 8: சரிபார்ப்பு

கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ் 2008-ல் வந்தபோது, தேடல்களை வைத்தே காய்ச்சல் பரவலைச் சொல்லிவிடலாம் என்று எல்லோரும் வியந்தார்கள். 2012-13 குளிர்காலத்தில் அது மருத்துவரிடம் வந்த நோயாளிகளின் அளவை அதிகாரபூர்வக் கணக்கைப்போல் இரு மடங்குக்கு மேல் காட்டியது. 2015-ல் நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் பற்றிய செய்திகள் கூடினால் காய்ச்சல் இல்லாதவர்களும் தேடுவார்கள். தளத்தின் தேடல் முறையும் நடுவில் மாறிக்கொண்டே இருந்தது. தட்டுப்பாட்டுப் பதிவுகளுக்கு இரண்டும் அப்படியே பொருந்தும்.

நல்ல முன்மாதிரிகளும் உண்டு. ஐ.நா.வின் பல்ஸ் லேப் ஜகார்த்தா, இந்தோனேசிய ட்வீட்களில் மக்கள் குறிப்பிடும் விலைகளை வைத்து மாட்டிறைச்சி, கோழி, வெங்காயம், மிளகாய் விலைகளை அன்றாடம் கணிக்கும் முறையை 2014-ல் செய்து காட்டி, அதிகாரபூர்வ விலைகளோடு ஒப்பிட்டது. ஆய்வாளர் முன்முன் டி சௌத்ரியும் வேறு இருவரும் 2016-ல் 30 லட்சம் இன்ஸ்டாகிராம் பதிவுகளை எடுத்து, அமெரிக்காவில் நல்ல உணவுக் கடைகள் எட்டாத பகுதிகளில் பகிரப்படும் உணவில் கொழுப்பும் சர்க்கரையும் கூடுதல் என்று காட்டினார்கள். இரண்டு ஆய்வுகளிலும் ஒப்பிட்டுப் பார்க்க ஏற்கெனவே ஒரு நம்பகமான அளவு இருந்தது: ஒன்றில் விலைப் பட்டியல், மற்றதில் அமெரிக்க வேளாண் துறையின் வரைபடம்.

உங்களுக்கு என்ன கிடைக்கும்? உலக உணவுத் திட்டத்தின் சந்தை விலைத் தரவு பல நாடுகளுக்கு மாதாமாதம் வருகிறது. மனிதாபிமானத் தரவுப் பரிமாற்றத் தளமான எச்டிஎக்ஸில் இறக்கலாம். 8 கேள்விகள் கொண்ட எஃப்ஏஓ-வின் (ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு) உணவுப் பாதுகாப்பின்மை அளவுகோல், உணவு நெருக்கடியை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் சர்வதேச வகைப்பாட்டு முறையான ஐபிசியின் வரைபடங்கள் ஆகியவையும் உண்டு. ஐபிசியில் பஞ்சம் என்று அறிவிக்க 20 சதவீத வீடுகளில் கடும் உணவின்மை, 30 சதவீதக் குழந்தைகளிடம் கடும் ஊட்டச்சத்துக் குறை, நாளொன்றுக்கு 10,000 பேருக்கு 2 மரணம் என்ற வரம்புகள் வேண்டும். பதிவுகளை வைத்து இதில் ஒன்றைக்கூட அளக்க முடியாது. அதனால் "பஞ்சம்" என்ற சொல்லை உங்கள் அறிக்கையில் பயன்படுத்தவே வேண்டாம்.

ஒப்பிடும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் விகிதம் விலையோடு சேர்ந்து நகர்கிறதா? அதைவிட முக்கியமாக, போன மாத விலையை மட்டும் வைத்துச் செய்யும் எளிய கணிப்பைவிட உங்கள் விகிதத்தையும் சேர்த்த கணிப்பு மேலானதா? இரண்டாவதற்கு இல்லை என்று வந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். கடந்த காலத் தரவில் பயிற்றுவித்து, பயிற்சியில் வராத பிற்கால மாதங்களில் சோதியுங்கள். வாரங்களைக் குலுக்கிப் பிரித்தால் விடை முன்கூட்டியே கசிந்துவிடும்.

எண்களோடு நிறுத்தாமல், உயர்ந்து தெரிந்த சில கட்டங்களிலும் சாதாரணமாகத் தெரிந்த சில கட்டங்களிலும் கடைக்காரர்களுக்கும் உள்ளூர்த் தொண்டர்களுக்கும் போன் போட்டுக் கேளுங்கள். சாதாரணமாகத் தெரிந்தவற்றை விட்டுவிட்டால், தவறவிட்டவை எத்தனை என்று தெரியாமலே போய்விடும்.

படி 9: வெளியிடுவது

ஆயத்தொலைகளை அப்படியே வெளியிடக் கூடாது. பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். 15 லட்சம் பேரின் செல்பேசித் தரவை ஆராய்ந்த 2013-ம் ஆண்டு ஆய்வு, இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணப் போதும் என்று காட்டியது. உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா 2017-ல் வெளியிட்ட வரைபடத்தில் பெயர் ஒன்றுகூட இல்லை; ராணுவ முகாம்களின் உள்பாதைகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன.

ஒரு கட்டத்தில் 10 பேருக்குக் குறைவாக இருந்தால் காட்டாதீர்கள், பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். பதிவுகளை வார்த்தைக்கு வார்த்தை மேற்கோள் காட்டினால் தேடுபொறியில் போட்டு எழுதியவரைக் கண்டுபிடித்துவிடலாம். பொருள் மாறாமல் மாற்றி எழுதுங்கள். மூலத் தரவை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று அனுமதிப் படிவத்திலேயே தேதியோடு எழுதிவிடுங்கள். பயனர் தன் பதிவை அழித்துவிட்டால் உங்கள் பிரதியிலிருந்தும் அழிய வேண்டும் என்பது பல தளங்களின் விதி.

எந்தக் கடைத்தெருவில் எந்தப் பொருள் தீரப் போகிறது என்ற நேரலை வரைபடத்தைப் பொதுவெளியில் வைத்தால், முதலில் பார்க்கிறவர் பதுக்கல்காரராக இருக்கலாம். அடுத்து பார்க்கிறவர்கள் பயந்து வாங்கக் கிளம்பும் மக்கள். அன்றாட, நுணுக்கமான முடிவுகளை உதவி செய்யும் அமைப்புகளுக்கு மட்டும் கொடுங்கள். பொதுமக்களுக்கான வரைபடம் மாவட்ட அளவில், சில வாரத் தாமதத்தோடு போகட்டும். சாம்பல் கட்டங்கள் அதிலும் சாம்பலாகவே இருக்க வேண்டும். வடிவமைப்பாளர் அழகுக்காக அவற்றை வெள்ளையாக்கிவிடுவார், அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.